புதுச்சேரிப் பள்ளிகளும் பெற்றோரின் நம்பிக்கையும்

மிஷன் வீதியில் நிதானமாக நடந்து செல்வோர், சம்பா கோவில் என்று ஊரார் வழங்கும் மாதா கோவிலையும், காளத்தீசுவரர் ஆலயத்தையும், கல்வே கல்லூரி என்ற பழம்பெயரோடு இன்றும் அரசினர் பள்ளியாக நிற்கும் நெடிய கட்டிடத்தையும் ஒரே நடையில் கண்டுவிடலாம். சற்றுத் திரும்பினால் பெத்தி செமினேர், கடற்கரைப் பக்கம் போனால் பிரெஞ்சு லிசே, அதற்கு அணித்தாகவே அரவிந்த ஆசிரமத்தின் கல்வி மையம் என்று, சிறு பொழுதில் சுற்றி வந்துவிடக்கூடிய இந்த நகரத்தில் இத்தனை விதமான வித்தியாசாலைகள் ஏன் எழுந்தன என்ற ஐயம் எவருக்கும் தோன்றும். பிள்ளைகளின் தொகை பெருகியதனால் என்பது பாதி விடைதான். ஏற்கெனவே இருந்த பள்ளியில் தன் பிள்ளையைக் கொண்டுபோய் விட மனமில்லாத ஒரு கூட்டத்தார் இருந்தார்கள், அவர்களுக்கென்று இன்னொரு பள்ளி பிறந்தது. இப்படி அவநம்பிக்கையின் பலனாகவே இவ்வூரின் கல்வி ஸ்தாபனங்களிற் பல தோன்றின என்பதைப் பழைய சரித்திரத்தைப் புரட்டுவோர் காண்பார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் தேர்ச்சி விழுக்காட்டை வைத்துப் பள்ளிகளை நிறுத்துப் பார்க்கும் நமக்கு, அந்த நிறைகோலுக்கு முன்பு எந்த நிறைகோல் இருந்தது என்பதை அறிந்துகொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் முந்தியது திண்ணைப் பள்ளிக்கூடம். வைகறையில் எழுந்து ஓடிவரும் சிறுவர்களில் முதலில் வந்தவன் உள்ளங்கையில் பிரம்பு பட்டும் படாமலும் தடவிச் செல்ல, பின்னால் வருபவனுக்கு ஒன்று, அவனுக்குப் பின்னால் வருபவனுக்கு இரண்டு என்று அடி ஏறிக்கொண்டே போகும் அந்தப் பள்ளியில், மணலில் விரல் தேய எழுதியதும், சட்டாம்பிள்ளை முறை சொல்ல மற்றவர்கள் உரத்த குரலில் பின்சொல்லியதும், எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பித்ததும் தெருவில் போவோர் வருவோர் காதிலெல்லாம் விழுந்தவை. தகப்பன் மாலையில் வீட்டுக்கு வந்ததும், கடைக் கணக்கில் ஒரு கீழ்வாயிலக்கத்தைக் கேட்டுப் பார்ப்பான். பாட்டி, விளக்கு வைத்தவுடன் நீதி நூலில் நாலு வரி சொல்லச் சொல்லுவாள். நவராத்திரி வந்தால் பிள்ளைகள் கோலாட்டக் கழியோடு வீடு வீடாகச் சென்று பாடி, உபாத்தியாயருக்கு மானம்பூக் காசு வாங்கி வருவார்கள். வாத்தியாருக்குக் காசு தருபவன் எவனோ, அவனே பரீட்சை அதிகாரியுமாயிருந்தான். நம்பிக்கை என்றும் தேர்ச்சி என்றும் இரண்டு கணக்கு அந்தத் திண்ணையில் இல்லை. அந்த முறையைப் பொற்காலமாகப் போற்றுவோர் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். அத்திண்ணையில் ஏற இடம் கிடைக்காத பிள்ளைகள் யார் யார் என்று நினைத்துப் பார்த்தால் போற்றுதல் தானே அடங்கிவிடும். பெண்ணுக்கு அநேகமாக இடமில்லை. பறைச்சேரிப் பிள்ளைக்கோ அந்தத் தெருவிலேயே இடமில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்நியர் கல்வி தரலாயினர் என்னும்போது, புதுச்சேரியில் அந்த அந்நியரைப் பற்றி மக்கள் மனத்தில் ஏற்கெனவே சில நினைவுகள் தங்கியிருந்தன என்பதை மறக்கலாகாது. 1748ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த சமயத்தில், துய்ப்ளேக்சின் ஆட்சியிலே, சேசு சபைப் பாதிரிமார் நெடுங்காலமாக வேண்டிக்கொண்டிருந்தபடி, சம்பா கோவிலுக்கு அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்த நாட்களைச் சொல்லும் விதத்திலிருந்தே ஊரின் வேதனை தெரியும். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1745இல், சம்பா கோவிலின் உள்ளேயே பறையர் கிறிஸ்தவரைத் தனியே பிரித்து நின்ற சுவர், அவர்களது முறையீட்டின் பேரில் இடிக்கப்பட்டதையும், அதனால் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்ததையும் அதே நாட்குறிப்பு பதிந்து வைத்திருக்கிறது. ஒரே வீதியில், மூன்றே ஆண்டுகளில், இரண்டு இடிப்புகள்! ஒன்று வெளியாரின் பலாத்காரம், மற்றொன்று உள்ளிருந்தோரின் நியாயம். ஆயினும் யாரோடு யாரை உட்கார வைப்பது என்னும் கேள்வி இரண்டிலும் அடியில் கிடந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்து பள்ளிகள் தோன்றியபோது அந்தக் கேள்வி வகுப்பறைக்குள் வந்து பெஞ்சியில் அமர்ந்துகொண்டது.

பிரெஞ்சு அரசாங்கமோ தன் கையைத் தானே கட்டிக்கொண்டிருந்தது. 1819 ஜனவரி 6ஆம் தேதியிட்ட கட்டளையின்படி, பிரெஞ்சுச் சட்டங்களைப் புதுச்சேரியில் பிரகடனம் செய்த கையோடு, இந்தியர்கள் தத்தம் சாதியின் சட்டத்தாலும் வழக்கத்தாலுமே நியாயம் பெறுவார்கள் என்றும் அது வாக்களித்துவிட்டது. மாமூலைக் காப்பதாகச் சொன்ன அரசாங்கம், பள்ளிகளைத் திறக்கையில் மாமூலின்படியே திறந்தது. கவர்னர் தெபாசின் தெ ரிஷ்மோன் காலத்தில், 1826இல், இன்று லிசே என்று விளங்கும் ராஜாங்கக் கல்லூரி ஐரோப்பியருக்கும் அவர் சந்ததியாருக்குமாக ஏற்பட்டது. 1827இல் குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் வந்து பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். சாதி இந்தியருக்கு ஒரு பள்ளி, பறையருக்கு வேறொரு பள்ளி என்று அந்தத் தசாப்தத்திலேயே ஏற்பாடாயிற்று. சமத்துவத்தைத் தன் கொடியில் எழுதிக்கொள்ளவிருந்த தேசம் இங்கே நான்கு வாசல் வைத்துக் கட்டியது. பெற்றோர் அதற்காகக் குறைகூறவில்லை; குறைகூறாமல் பிள்ளையை அனுப்பியதற்கு அந்த நான்கு வாசலே காரணம்.

1844ஆம் ஆண்டு இவ்வூர்க் கல்விச் சரித்திரத்தில் தனித்து நிற்கிறது. பாரிசு அந்நிய வேதபோதக சபையின் பிஷப் கிளமெந்து பொன்னாந்து ஆண்டகை அவ்வாண்டுத் தொடக்கத்தில் தம் குருக்களைக் கூட்டிச் சங்கம் நடத்தினார். கல்விக்கு இனி முக்கிய இடம் தரவேண்டும் என்று அங்கே முடிவாயிற்று. அவ்வாண்டிலேயே பெத்தி செமினேர் திறந்தது. குருத்துவத்துக்குப் பிள்ளைகளைப் பழக்குவது பெயரளவில் அதன் நோக்கமாயிருந்தாலும், பின்னர்ப் பிற சமயத்துப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து படித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் துபுயி பாதிரியார் செய்த காரியந்தான் எனக்கு இவை யாவற்றிலும் நுட்பமாகத் தோன்றுகிறது. தமிழ் – பிரெஞ்சு அகராதி தொகுத்தவருள் ஒருவராகிய அவருக்குத் தமிழர் வீடுகளின் உள் நிலவரமும் நன்றாய்த் தெரிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் கோயில் தாசி என்றே உலகம் நினைத்திருந்த அக்காலத்தில், குடும்பப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது குலத்துக்கு இழுக்கு என்ற எண்ணம் கிறிஸ்தவர் வீடுகளிலும் குறைவின்றி இருந்தது. பிரான்சிலிருந்து வந்த கன்னியரிடம் எவ்வளவு புண்ணியம் இருந்தாலும் சாதித் தமிழர் தங்கள் பெண்களை அவர்களிடம் விடமாட்டார்கள் என்று உணர்ந்த துபுயி, தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையை நிறுவினார். புடவை கட்டி, தமிழ் பேசி, இன்னார் வீட்டுப் பெண் என்று ஊரார் அடையாளம் சொல்லக்கூடிய அந்தக் கன்னியர் வாசலில் நின்றபோதுதான் தாய்மார் தங்கள் பெண்களின் கையை விட்டார்கள். அந்தப் பள்ளியில் எவள் எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்று அன்று கேட்டவர் எவருமிலர். பெண் போன மாதிரியே மாலையில் திரும்பி வருகிறாள், அவளுக்கு மாப்பிள்ளை கிடைப்பதிலும் தடையில்லை என்று ஊர் கண்டுகொள்ள வேண்டியிருந்தது; அந்தப் பரீட்சையில் தேறத் தலைமுறைக் காலம் பிடித்தது.

ஆண்பிள்ளைகள் விஷயத்தில் கதை வேறு விதமாக நடந்தது. 1870களில் புதுச்சேரி பெரிய சச்சரவு ஒன்றில் ஆழ்ந்திருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 1873இல் ஐரோப்பிய முறைச் செருப்பணிந்து நியாயஸ்தலத்துக்குள் நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிசிலுள்ள உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். அவரும் அவரைச் சார்ந்தோரும் மாமூலை உதறிப் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வர விரும்ப, 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை அதற்கு வழி செய்தது. மறுபக்கம், மாமூலையே கோட்டையாகக் கொண்ட சாதி இந்துக்கள் சண்முக வேலாயுத முதலியாரின் தலைமையில் திரண்டு, வாக்குச் சீட்டின் பலத்தால் ஊராட்சியைக் கைப்பற்றினர். இந்தச் சந்தடிக்கு நடுவேதான், கல்வே சுப்பராய செட்டியார் குடும்பத்தாரின் கொடையால், பாதிரிமார் வாசலில் போய் நிற்க விரும்பாத பிள்ளைகள் படிப்பதற்கென்று, மிஷன் வீதியிலே கல்வே கல்லூரி எழுந்தது. அதை எழுப்பியவர்கள் மதம் மாற்றப்படுவோம் என்ற அச்சத்தையும், தங்கள் பிள்ளைகளும் பிரெஞ்சு கற்று உத்தியோகம் பெறவேண்டும் என்ற ஆசையையும் ஒருங்கே சுமந்தவர்கள். செட்டியாரின் பெயர் இருந்ததனால் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் வந்தனர். அப்பெயரே பெற்றோருக்குப் போதிய பிணையாயிருந்தது. பிற்பாடு அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டபோதும் பெயரை மாற்றத் துணியவில்லை.

நம்பிக்கை என்ற சொல்லை நாம் இந்நாளில் இனிமையான பொருளிலேயே வழங்கி வருகிறோம். சமூகத்தின் நம்பிக்கையைப் பெற்ற பள்ளி என்று கேட்டவுடன் மனம் கனிகிறது. புதுச்சேரியின் பழங்கதையோ அந்தக் கனிவைச் சற்றுத் தடுத்து நிறுத்துகிறது. பெற்றோர் ஒரு பள்ளியை நம்பியதற்கு, அங்கே யார் சேர்க்கப்படவில்லை என்பதும் ஒரு காரணமாயிருந்தது. சிலருக்கு அதுவே முதற்காரணம். சேரிப் பிள்ளை நுழைந்த அன்று மற்றப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவோம் என்று தகப்பன்மார் மிரட்டுவது, பிரெஞ்சு இந்தியாவில் மட்டுமன்றிச் சென்னை ராஜதானி முழுவதிலுமே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்வி அதிகாரிகளுக்குப் பழகிப்போன தலைவலி. அங்ஙனம் மிரட்டிய தகப்பன் தன் பள்ளியின் மீது அளவற்ற அபிமானம் உடையவன்தான். பள்ளிக்கு மானியம் தந்தவனும் விழாவுக்கு விளக்கு ஏற்றியவனும் அவனே.

இவ்விடத்தில்தான் பரீட்சைக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனம் வருகிறது. பரீட்சைத்தாள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் தகப்பன் மிஷன் வீதியில் கடை வைத்திருக்கிறானா, முத்தியால்பேட்டையில் தறி நெய்கிறானா என்று கேட்பதில்லை. வைசியாள் வீதியும் வெள்ளாள வீதியும் செட்டித் தெருவும் தனித்தனியே கோடு கிழித்துக்கொண்டிருந்த ஊரில், செர்த்திபிகா என்றும் பிரெவே என்றும் சொல்லப்பட்ட அந்தக் காகிதங்கள் தெருக்களுக்கு அப்பால் போகும் வல்லமை உடையனவாயிருந்தன. கனகசபை முதலியார் மகன் சுப்புரத்தினம் திருப்புளிசாமி ஐயாவின் திண்ணையில் எழுத்தறிந்து, கல்வே கல்லூரியில் பங்காரு பத்தர், பெரியசாமிப் பிள்ளை முதலிய புலவர்களிடம் தமிழ் கற்றுத் தேறி, பதினெட்டு வயதிலேயே, 1909இல், காரைக்காலைச் சேர்ந்த நிரவியில் அரசாங்கத் தமிழாசிரியரானார். பின்னர் பாரதிதாசன் என்று தமிழுலகம் அறிந்த அவர், முப்பத்தேழு ஆண்டுகள் ஊர் ஊராக மாற்றப்பட்டுப் பணியாற்றி 1946இல் ஓய்வு பெற்றார். புகழ்பெற்ற கவிஞரைப் பற்றி நாம் வேண்டியமட்டும் பேசிவிட்டோம்; பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தேர்வின் முடிவொன்றை மட்டும் பார்த்து வாத்தியாராக்கிய ஏற்பாட்டைப் பற்றிப் பேசியது குறைவு. நிரவியில் அவரை முன்பின் அறிந்தவர் யார் இருந்திருக்கப் போகிறார்கள்? தேர்ச்சி அவரை அவ்வூர்ப் பள்ளியில் கொண்டுபோய் நிறுத்தியது. அதன்பிறகு ஊராரின் மனத்தைப் பெறுவது அவருடைய சொந்தச் சாமர்த்தியத்தின் பாற்பட்டதாயிற்று.

பரீட்சையை அறவே துறந்த பள்ளியொன்றும் இதே ஊரில் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரின் குண்டுக்கு அஞ்சிய வங்கம் முதலிய இடங்களின் குடும்பங்கள் ஆசிரமத்தில் அடைக்கலம் புகுந்தபோது, உடன் வந்த குழந்தைகளைக் கொண்டு ஸ்ரீ அன்னை 1943 டிசம்பர் 2ஆம் தேதி ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஏறத்தாழ இருபது குழந்தைகளே அப்போது இருந்தனர். அரவிந்தரின் மறைவுக்குப் பிறகு, 1951 ஏப்ரலில் சியாமா பிரசாத் முகர்ஜி தலைமையில் கூடிய மாநாட்டின் பயனாக, 1952 ஜனவரி 6ஆம் தேதி அது சர்வதேசப் பல்கலைக்கழக மையமாகி, 1959இல் ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் என்று பெயர் பெற்றது. பாரிசின் புகழ்பெற்ற எக்கோல் பொலித்தெக்னிக்கில் படித்த பவித்ரா என்னும் பிரெஞ்சுக்காரர் 1969இல் காலமாகும்வரை அதன் இயக்குநராயிருந்தார். கணிதமும் விஞ்ஞானமும் பிரெஞ்சில், மற்றவை பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆசிரியர்களுக்குச் சம்பளமில்லை, எத்தனை ஆண்டு படித்தாலும் பட்டமுமில்லை, சான்றிதழுமில்லை. சுயமாக முன்னேறும் முறை என்று அவர்கள் சொல்வதில், மாணாக்கன் தனக்கு வேண்டிய பாடத்தைத் தானே தேர்ந்து, ஆசிரியரோடு உட்கார்ந்து தன் வேகத்தில் செல்கிறான். பிள்ளையின் எதிர்காலத்தைப் பட்டம் என்ற பிணை இல்லாமலே ஒரு பள்ளியிடம் ஒப்படைக்கும் பெற்றோரின் துணிவு சாமானியமானதன்று.

ஆனால் எந்தப் பெற்றோர் அவர்கள்? வங்கத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து, அன்னையை வணங்கி, அங்கேயே வாழ்வை அமைத்துக்கொண்டவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களுமே மிகுதி. நூலாடை நெய்து, ஆலையில் உழைத்து, மீன்பிடித்து வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சாம்பல் நிறச் சுவர்களுக்குப் பின்னால் நடந்தது புரியாத காரியமாகவே இருந்துவந்தது. 1965 பிப்ரவரி 11ஆம் தேதி, இந்தித் திணிப்புக்கு எதிரான கிளர்ச்சி புதுச்சேரியிலும் மூண்டபோது, ஆசிரமத்துக் கட்டிடங்களின் மீது கல்லும் தீயும் பாய்ந்தன. மொழிக் கோபம் ஏன் அங்கே திரும்பிற்று என்பதற்கு விவரமான காரணங்களைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். என் கண்ணுக்குப் படுவது ஒன்றே. உள்ளிருந்தோர் பரிபூரணமாக நம்பிய அந்த ஸ்தாபனத்தை ஊர் தன்னுடையதாக ஒருபோதும் எண்ணவில்லை. சமூகத்தின் நம்பிக்கை என்று பேசும்போது, எந்தச் சமூகம் என்பதைக் கேட்காமல் மேலே செல்வது எத்தனை ஆபத்து என்பதற்கு அந்த இரவு தக்க பிரமாணம்.

இதற்கிடையே, 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியிருந்தது. 1956 மே 28ஆம் தேதி உடன்படிக்கையில் லிசே என்ற அந்தப் பிரெஞ்சுக் கல்லூரி தொடர்ந்து நடைபெற இடம் வைக்கப்பட்டது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டபூர்வமான இணைப்பு முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை அங்கேயே அனுப்பலாயின. மற்றப் பள்ளிகளெல்லாம் மெள்ள மெள்ளச் சென்னையின் பாடத்திட்டத்துக்குள் வந்தன. தனக்கெனத் தேர்வு வாரியம் இல்லாத இப்பிரதேசத்தில், புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தது உலகத்தில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத விசித்திரம். அந்தக் காலத்திலிருந்துதான் பள்ளியின் பெயரோடு விழுக்காடு ஒட்டிக்கொண்டது. தனியார் பள்ளிகள், முதலிடம் பெற்ற பிள்ளைகளின் முகங்களைப் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு அச்சிட்டன. 2017இல் தமிழ்நாடு அரசு தரவரிசை அறிவிப்பை நிறுத்தியபின் அந்த முகங்கள் குறைந்தன, ஆசை குறையவில்லை. ஒன்பதாம் வகுப்பில் தள்ளாடும் பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்கு ஏற்றாமல் வெளியே அனுப்பிவிட்டு நூறு விழுக்காடு காட்டும் பள்ளிகளைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாமலில்லை. அப்படி அனுப்பப்பட்ட பிள்ளை எங்கே போகிறான்? பக்கத்துத் தெருவில், இரண்டு பிரிவுகளோடு, தேர்ச்சி குறைவென்று பெயர் வாங்கிய சின்ன அரசினர் உயர்நிலைப் பள்ளிக்கு. அவனைச் சேர்த்துக்கொண்டதனால் அப்பள்ளியின் விழுக்காடு இன்னும் ஒரு படி இறங்குகிறது. அவன் தாய் மட்டும் அந்தப் பள்ளியை ஆயுள் உள்ளவரை மறப்பதில்லை.

அண்மையில், 2023ஆம் ஆண்டு தொடங்கி, புதுச்சேரி அரசு தன் பள்ளிகளை மத்திய வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாற்றியது. 2025இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அந்த வாரியத்தின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை முதன்முறையாக எழுதினர். தனியார் பள்ளியை நாடி ஓடும் பெற்றோரைத் திரும்ப அழைக்க இதுவே உபாயம் என்று ஒரு சாராரும், நேற்றுவரை தமிழ்வழியில் படித்த பிள்ளையின் தலையில் இன்று ஆங்கிலப் புத்தகத்தைச் சுமத்துவதா என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. நான் கவனித்தவரை, வாதம் முழுதும் வாரியத்தைப் பற்றியதாகவே இருந்தது. அந்தந்தத் தெருப் பள்ளிக்கும் அந்தத் தெருவுக்கும் இடையில் எஞ்சியிருக்கும் பந்தம் எவ்வளவு என்று அளந்து பார்க்க எவரும் முற்படவில்லை.

அளக்க வழியில்லாமலும் இல்லை. ஒவ்வொரு பள்ளியின் இரும்பு அலமாரியிலும் சேர்க்கைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. வரிசை எண், பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில், பிறந்த தேதி, சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கியதற்குக் காரணம் என்று நீளும் அந்தக் கட்டங்களில், தேர்ச்சிப் பட்டியல் காட்டாத பல செய்திகள் அடங்கியிருக்கின்றன. அண்ணன் பெயர் வந்த ஐந்தாறு பக்கங்களுக்குப் பிறகு அதே தகப்பன் பெயரோடு தம்பியும், பின்னர்த் தங்கையும் வந்திருக்கிறார்களா? அந்தத் தம்பி எட்டாம் வகுப்பில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போயிருந்தால், காரணக் கட்டத்தில் குடும்பம் வேறூர் சென்றது என்று எழுதியிருக்கிறதா, பெற்றோர் விருப்பம் என்று மட்டும் எழுதியிருக்கிறதா? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பல ஆண்டுகள் உழைத்துப் பதிப்பித்த அறிஞர்கள் நம்மிடையே உண்டு. பெத்தி செமினேரிலும் கல்வேயிலும், முத்தியால்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் உள்ள சிறிய அரசினர் பள்ளிகளிலும் கரையானுக்கு இரையாகாமல் தப்பிய பதிவேடுகளை வரிசையாக உட்கார்ந்து படிக்கத் துணியும் ஒருவர் கிடைத்தால், புதுச்சேரிப் பெற்றோர் எந்த ஆண்டில் எந்தப் பள்ளியை நம்பினார்கள், எந்த ஆண்டில் கைவிட்டார்கள் என்பதைத் தெருவாரியாகவே எழுதிவிடலாம்.